கடலில் ஒரு ரஞ்சன்குடி

எங்கள் படகில் எனக்கு இன்றுவரை பிடிபடாத ஒன்று கிழக்கு.

ஊரில் எனக்கு அந்தச் சிக்கல் இருந்ததில்லை. வாசலில் நின்றால் கிழக்கு எது என்று காலுக்கே தெரியும். அடுப்பு கிழக்குப் பார்த்து இருக்கும், சாமி படம் கிழக்குப் பார்த்து இருக்கும், படுக்கும்போது தலை வடக்கே போகாது. வீடு ஒரே இடத்தில் நிற்கிறது, அதனால் இதையெல்லாம் ஒரு தடவை முடிவு செய்தால் ஆயுசுக்கும் போதும். படகு அப்படியில்லை. நங்கூரம் போட்ட பிறகும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தகுந்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும். நான் கிழக்குப் பார்த்து அடுப்பைப் பற்றவைப்பேன். உலை கொதிக்கும்போது அது தெற்கே பார்க்கும். சோறு வடிக்கும்போது மேற்கே. மதியம் சாப்பிட்டதும் ஒரு குட்டித் தூக்கம் போடுவது என் பழக்கம். தெற்கே தலைவைத்துப் படுத்தவள் கண்விழித்துத் திசைகாட்டியைப் பார்த்தால் தலை வடக்கே இருக்கும். பதறி எழுந்து தலையணையை மறுபக்கம் போட்டுப் படுப்பேன். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கமும் வடக்காகிவிடும்.

"ஏ புள்ள, தலகாணியத் தூக்கிக்கிட்டு அலையிறதுக்குப் பேசாம உக்காந்துக்கிட்டே தூங்கேன்" என்பார் என் கணவர்.

நாங்கள் இருவரும் கொள்ளிடக்கரை ஆட்கள். திருமழபாடிக்குப் பக்கத்தில் வீடு. நான் சத்துணவு அமைப்பாளராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். நூற்றைம்பது பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பழகிய குரல் எனக்கு. ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர் இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்துவிடும் இழுவைப் படகில் எஞ்சின் டிரைவராக இருந்தார். கடலில் வேலை பார்த்தவர் என்றுதான் ஊரே நினைத்தது. உண்மையில் அவர் பார்த்தது எஞ்சின் அறையின் நான்கு சுவர்களை. கீழே இறங்கினால் இறங்கியதுதான், வேலை முடிந்து மேலே வரும்போது படகைக் கரையில் கட்டியிருப்பார்கள். காலண்டரில் நான் பார்த்த அளவுக்குத்தான் அவரும் கடலைப் பார்த்திருந்தார்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், இரண்டு மாதம் இருப்பார். மற்ற நாளெல்லாம் போன். அந்த போனில் அவர் பேசியதை மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு பக்கம் தேறாது. "சாப்டியா? பாப்பா படிக்கிறாளா? மழ உண்டா? சரி, வச்சிரவா?" அவ்வளவுதான். நான் பாட்டுக்குப் பேசுவேன், அவர் பாட்டுக்கு "ம்" போடுவார். சில நாள் நடுவில் லைன் கட்டாகியிருக்கும். அது தெரியாமல் நான் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரிந்ததில்லை.

வேலையை விட்டு ஊருக்கே வந்தபோதும் அப்படித்தான் இருந்தார். எங்கள் ஒரே மகளைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அதில் பேசுவது ஒருத்தி. ஏழெட்டு மாதம் இப்படிப் போன பிறகு ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே, "ஒரு படகு வாங்கலாமுன்னு இருக்கேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா, சாமியாடியைக் கூப்பிடுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். ஆனால் அவர் ஏற்கனவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிகளில் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடைக்கும். சின்ன வயதில் அதைச் சில்லாக வைத்துத்தான் பாண்டி ஆடினோம். "கடல் இங்கதான் இருந்துச்சு. தள்ளிப் போயிருச்சு. நாமளே போயி என்னா ஏதுன்னு கேட்டுட்டு வருவோம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அந்த ஆச்சரியத்திலேயே தலையாட்டிவிட்டேன்.

படகு இருபத்துநாலு அடி ஃபைபர் படகு. நடுவில் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் இரண்டு பக்கமும் இரண்டு பலகைக் கட்டில், ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் தண்ணீர் கேன்கள். அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சின்ன மீன்பிடித் துறைதான் எங்களுக்குத் தலைமையிடம். அங்கிருந்து கிழக்கே கோடியக்கரை, தெற்கே தொண்டி. கரையை விட்டு ரொம்ப விலகாமல், ஒரு துறையில் இரண்டு நாள், இன்னொரு துறையில் நாலு நாள் என்று போவோம். மாசியில் கிளம்பினால் ஆவணி வரை படகுதான் வீடு. மழைக்காலத்துக்கு முன்னால் அதை டிரெய்லரில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, எங்கள் கொல்லையில் முந்திரி மரங்களுக்கு நடுவே தார்ப்பாய் போட்டு மூடிவைப்போம். முதல் தடவை கொண்டுவந்தபோது சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் எங்கள் படகு அசைந்து வருவதைப் பார்த்து டீக்கடையே எழுந்து நின்றது. "என்னாங்க, இந்த வருசம் மழ அவ்வளவு பெய்யப்போவுதா? எங்களுக்கும் ரெண்டு சீட்டு போட்டு வைங்க" என்றார்கள். மகள் போனில் ரகசியமாக, "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லியேம்மா?" என்று கேட்டாள்.

அவருக்கு ஏதோ ஆகித்தான் இருந்தது. பேச ஆரம்பித்திருந்தார்.

முதல் வருடம் கிளம்பிய இரண்டாம் நாளே அது தொடங்கியது. அவர் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் முன்பக்கம் கால்நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். "ஏ புள்ள, அங்க என்ன தெரியுது?" என்பார். பனைமரம் தெரியுது என்றால், எத்தனை என்பார். நாலு என்றால், நாலும் ஒசரமா, ஒண்ணு குட்டையா என்பார். பக்கத்துல வூடு இருக்கா, ஓடா, கூரையா, வாசல்ல யாரு நிக்கிறா? தண்ணி என்னா கலர்ல இருக்கு? நீ இருக்குற எடத்துலேர்ந்து அது கை நீட்டுனா எந்தப் பக்கம் வருது? இப்படிக் கேள்வி மேல் கேள்வி. இருபத்திரண்டு வருடம் "ம்" மட்டும் கேட்ட காதுக்கு எப்படி இருந்திருக்கும்? நான் பூரித்துப் போனேன். அதை ஒளிக்கவில்லை. மகளிடம், "ஒங்கப்பா இப்பதான்டி பேசக் கத்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லி அழுதேன். அவளும் அழுதாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊர்தான். அதனால் கடற்கரையில் பார்த்ததற்கெல்லாம் ஊர்ப் பெயரையே வைத்தேன். உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்த இடம் சுண்ணாம்புக்கல் குவியலாகத் தெரிந்தது, அது அரியலூர். தண்ணீருக்கு மிக நெருக்கத்தில் ஒரு சின்னக் கோயில் கோபுரம், அது மழபாடி. பனைமரங்களுக்கு நடுவே ஒரு மேடு, உச்சியில் இடிந்த சுவர் மாதிரி ஏதோ ஒன்று. அது எங்கள் பக்கத்துக் கோட்டை ஊரான ரஞ்சன்குடி. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உயரமான கம்பம் ஒன்றைப் பார்த்ததும், "இங்கயும் சிமெண்ட் ஆலை இருக்குங்க, புகைக்கூண்டு தெரியுது" என்றேன்.

"புகை வருதா?"

"வரல. இன்னைக்கு லீவு போல."

அன்று துறையில் இறங்கியதும் வலைக்காரர் ஒருவரிடம் அந்த ஆலையைப் பற்றி விசாரித்தேன். எங்கள் படகுக்குக் காவல், எங்களுக்கு மீன், எல்லாமே அவர்தான். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது லைட்ஹவுஸ், அக்கா!" என்றார். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து அந்தக் கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் "புகை வருதா?" என்பதும் நான் "இன்னைக்கும் லீவுதான்" என்பதும் வழக்கமாகிவிட்டது. கல்யாணமாகி முப்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் மட்டும் புரிகிற ஒரு கேலி வாய்த்தது. எனக்கு அது ஒரு நகை போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒரு நீளமான நோட்டு வாங்கி வந்தார். எந்தத் துறைக்குப் போக எதைத் தாண்டி எங்கே திரும்ப வேண்டும் என்று என்னை எழுதச் சொன்னார். நீங்களே எழுதுங்களேன் என்றால், "ஒங் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு" என்றார். முட்டைக் கணக்கு எழுதித் தேய்ந்த கை இது. அதற்கு அப்படி ஒரு பேர் கிடைக்குமென்று யார் கண்டது! உட்கார்ந்து எழுதினேன். ரஞ்சன்குடி மேட்டில் கோட்டை நேராக வரும்போது வலப்பக்கம் திரும்பவும். அப்படியே எழுதியிருக்கிறேன்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கரை அப்படியொன்றும் பார்க்க நிறைந்த கரை அல்ல. பனை, மணல், சேறு, அலையாத்திக் காடு, மறுபடி பனை. உள்ளதை உள்ளபடி சொன்னால் இரண்டு வரியில் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார் என்று எனக்குப் பயம். அதனால் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். ரஞ்சன்குடி மேட்டில் சுவர் என்று சொன்னது அடுத்த மாதம் மதிலானது. மதிலுக்கு ஒரு வாசல் வந்தது. வாசலில் கொடி பறந்தது. ஒருநாள் பத்து ஆடு மேய்ந்தது. சிவப்புச் சேலை கட்டிய ஒரு பொம்பளை இடுப்பில் குடத்தோடு ஏறிப் போனாள். அவர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார். "தண்ணிய அம்மாந்தூரம் தூக்கிட்டா போறா?" என்று அவளுக்காக வருத்தப்படுவார். தலையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடுமே, ஏன் என்னையே கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் அந்த யோசனையைத் தள்ளிவிட்டிருப்பேன்.

மூன்றாவது வருடம் வைகாசி. மீன்பிடித் தடைக்காலம், பெரிய விசைப்படகுகளெல்லாம் கரையில் கட்டிக்கிடந்தன. கடலில் எங்களைத் தவிர ஆளில்லை. உச்சி வெயிலில் எஞ்சின் திணறி நின்றது. எவரோ அறுத்துவிட்ட பழைய வலை ஒன்று படகுக்கு அடியில் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அறுபத்து மூன்று வயது ஆளைக் கத்தியோடு தண்ணீருக்குள் விட நான் தயாராக இல்லை. வலைக்காரருக்கு போன் போட்டார். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணே, எங்க நிக்கிறீங்க?"

"ரஞ்சன்குடி பக்கத்துலப்பா. புகைக்கூண்டு இன்னும் வரல."

 "எந்த ரஞ்சன்குடிண்ணே?"

"அதாம்ப்பா, மேட்டு மேல கோட்டை இருக்குல்ல. கொடி பறக்குமே."

"அண்ணே, ரஞ்சன்குடி பெரம்பலூரு தாண்டி மெட்ராஸ் ரோட்டுல இருக்கு. எங்க மச்சான் வூட்டுக்கு அந்த வழியாத்தான் போவேன். நீங்க கடல்லதான நிக்கிறீங்க?"

"கடல்லதாம்ப்பா நிக்கிறோம்!"

"சுத்தித் தண்ணி இருக்கா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் வியர்த்திருந்தது. கரைக்கு நான் வைத்த அந்தப் பெயர்கள் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்த மாதிரி இருந்தது. வலைக்காரர் பொறுமையாக, "அண்ணே, கரையில லைட்ஹவுஸ் எந்தப் பக்கம் தெரியுது?" என்றார். என் கணவர் கரையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். "சரி விடுங்க, அந்தப் பொட்டியில நம்பர் வரும்ல, அதப் படிங்க" என்றார் வலைக்காரர். இருக்கும் இடத்தை எண்ணில் காட்டும் ஜிபிஎஸ் கருவியைத்தான் அவர்கள் பெட்டி என்பார்கள். அதை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தார். "வெயிலு அடிக்கிது" என்றார். உள்ளே நிழலுக்கு வந்தார். அங்கேயும் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார். "பத்து..." என்றவர் அதோடு நின்றுவிட்டார். என்னிடம் நீட்டினார். "நீ படி."

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணும் என் கட்டைவிரல் நகம் அகலம் இருந்தது.

படித்துச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாக வலைக்காரர் போனை வைத்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"கரையில என்ன தெரியுது, சொல்லுங்க."

"கரதான் தெரியுது."

"கரையில என்னா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கையைத் தூக்கி, "இது எத்தன வெரல்?" என்றேன்.

"விடு புள்ள."

"எத்தனன்னு கேட்டேன்."

"விடேன்" என்றார். சத்துணவுக் கூடத்தில் தட்டைக் கீழே போட்டுவிட்டு நிற்கும் பிள்ளையின் முகம் அப்படித்தான் இருக்கும். நான் கையை இறக்கிக்கொண்டேன்.

அந்த ஒரு மணி நேரமும் எனக்குள் எல்லாமே தலைகீழாகச் சுற்றியது. பனை எத்தனை, வீடு ஓடா கூரையா, தண்ணீர் என்ன நிறம். அதெல்லாம் என்னோடு பேசுவதற்காகக் கேட்டதில்லை. வழி தெரியாமல் கேட்டது. பஸ் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்போமே, அது. என் கையெழுத்து முத்து முத்தாகவும் இல்லை, எழுத அவருக்குக் கண் தெரியாமல் போனதுதான் காரணம். "புகை வருதா?" என்று கேட்டது கேலியா, அல்லது கம்பம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்வதற்கா? மூன்று வருடமாக நான் மகிழ்ந்தது எதற்கு? யாரோடு பேசினேன்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. இந்த மனிதர் நான் கட்டிய கோட்டையை நம்பிப் படகைத் திருப்பியிருக்கிறார். கொடியை நம்பித் திரும்பியிருக்கிறார். அன்று அங்கே பாறை இருந்திருந்தால் நான்தான் மோதவிட்டிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "எங்கிட்ட மறைச்சிட்டீங்கல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சண்டை போட்டேன்.

மகள் பெரம்பலூரில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. "எவ்வளவு நாளா இப்படி இருக்குங்க?" என்றார் டாக்டர். "மூணு, மூணர வருசம்" என்றார் இவர், ஏதோ விருந்தாளி வந்து தங்கியதைச் சொல்வதுபோல. நான் கணக்குப் போட்டேன். படகு வாங்குவதற்கும் முன்னால்.

கண் மங்குகிற மனிதன் படகு வாங்குவானா? வெளியே பெஞ்சில் வைத்துக் கேட்டேன். மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு சொன்னார். அவருடைய அப்பாவுக்கு இதே வயதில் பார்வை போனது. கடைசிப் பத்து வருடம் வீட்டு மூலையில் உட்கார்ந்தே கழித்தார். அது தனக்கும் வந்துவிட்டது, இதற்கு வைத்தியமே கிடையாது என்று இவராகவே முடிவு கட்டிக்கொண்டார். "கடல்ல அத்தன வருசம் கெடந்தும் கடலப் பாக்கல. அதான், முழுசா போறதுக்குள்ள..." என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் வாயாலேயே அதைக் கேட்க வேண்டிவரும் என்று பயம். என்னிடம் சொன்னால் நான் இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று அதைவிடப் பயம். இது தினமும் நடக்கிற சாதாரண ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மூன்றரை வருடத்தை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் ஒரு தாளை நீட்டி, வீட்டுக்காரர் சார்பில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். பேனாவை வாங்கினேன். எழுதவில்லை. ஒரு நிமிடம் இந்த ஆபரேஷன் நடக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நினைத்தேன். பார்வை வந்துவிட்டால் இவர் ஏன் என்னிடம் கேட்கப் போகிறார்? மறுபடி "சாப்டியா, வச்சிரவா" என்றாகிவிடும். அது போதாதென்று, ரஞ்சன்குடியில் மதிலும் இல்லை, கொடியும் இல்லை என்பதைத் தன் கண்ணாலேயே பார்ப்பார். "அம்மா, கீழ போடுங்க, இங்க" என்று நர்ஸ் விரல் வைத்துக் காட்டினாள். எனக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள். போட்டேன்.

ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணும் சரியாயின. கட்டுப் பிரித்த அன்று என்னைப் பார்த்து, "எப்ப இம்புட்டு நரச்ச?" என்றார். அதற்குப் பிறகு நான் பயந்ததுதான் நடந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் ஊரில் இருந்தோம். பேப்பரைத் தானே படித்தார். முன்பெல்லாம் நான் தலைப்பு படித்தால், மீதியையும் படி என்பார். சாப்பாட்டில் கல்லைத் தானே பொறுக்கினார். கொல்லையில் போய் தார்ப்பாயை விலக்கிப் படகைச் சுற்றிச் சுற்றி வந்து, உரிந்த பெயிண்டைப் பார்த்துச் சந்தோஷமாக விசிலடித்தார். அவருக்கு எல்லாம் திரும்பக் கிடைத்திருந்தது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டுக்கொண்டே அடுப்படியில் நின்று அழுதேன். எனக்கு எது வேண்டும் என்று என்னை யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். மகள்தான், "அப்பாவுக்குக் கண்ணு வந்துடுச்சேம்மா, நீ ஏன் இஞ்சி தின்ன மாதிரி இருக்க?" என்றாள். என்ன சொல்வது? கண் வந்ததால்தான் என்றா?

மாசியில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். முதல் நாள் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுக்கானில் நின்றார். வாய் திறக்கவில்லை. கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துக்கொண்டே வந்தார். நான் இந்தத் தடவை முன்பக்கம் உட்காரவில்லை. அறைக்குள் அடுப்புப் பக்கம், கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். அடுப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்றுகூடக் கவலைப்படவில்லை. வரட்டும், எதுவும் வரட்டும் என்றிருந்தது.

பத்து மணி வாக்கில் எஞ்சினை மெதுவாக்கினார். நோட்டை எடுத்துப் பிரிக்கும் சத்தம் கேட்டது. மூன்று வருடமாக நான் எழுதியதை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கூப்பிட்டார்.

"ஏ புள்ள. இங்க வா."

போனேன். கையை நீட்டிக் காட்டினார். பனைமரங்களுக்கு நடுவே மணல்மேடு. உச்சியில் ரெண்டடி உயரத்தில் ஒரு செங்கல் குட்டிச்சுவர். பக்கத்தில் ஒரு மோட்டார் ஷெட்.

"இதா ரஞ்சன்குடி?"

நான் கீரை ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தேன்.

"மதில் எங்க?"

"போன மழையில இடிஞ்சிருக்கும்."

"கொடி?"

"காத்துல போயிருக்கும்."

"பத்து ஆடு மேயுதுன்னியே."

"அன்னைக்கு மேஞ்சிச்சு."

"அந்தச் செவப்புச் சேலக்காரி? நான் அவளுக்காக எம்புட்டு நாளு வருத்தப்பட்டிருக்கேன், இந்த மேட்டுல கொடத்தோட ஏறுறாளேன்னு. மேல வூடே இல்லியே. எங்கதான் போனா அவ?"

மூன்று வருடம் அவர் என்னை ஏமாற்றினார் என்று மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டவள் நான். யார் யாரை ஏமாற்றினோம் என்று கணக்கெடுக்க எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. "நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. இல்லன்னா நிறுத்திடுவீங்கன்னு பயமா இருந்துச்சு" என்றேன்.  அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் அந்தக் குட்டிச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, சிரிப்பா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, கண்ணாடி மறைத்தது. எஞ்சினைக் கூட்டினார். ரஞ்சன்குடி பின்னால் போனது. நான் திரும்பி அறைக்குப் போவதா, நிற்பதா என்று தெரியாமல் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீரை பாதி ஆய்ந்தபடி கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் கரை வளைந்தது. வளைவுக்கு அப்பால் கறுப்பும் வெள்ளையுமாக அந்தக் கம்பம் பளிச்சென்று நின்றது. மேலே கண்ணாடிக் கூடு, அதைச் சுற்றி இரும்புக் கிராதி. எனக்கே அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்றால் புதுக் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். அதை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே,

"ஏ புள்ள, புகை வருதா?" என்றார்.

 லீவு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்.

"வருது" என்றேன். "கறுப்பா, கட்டி கட்டியா வருது."

"எந்தப் பக்கம் சாயுது?"

முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். வழக்கம்போல எனக்குக் கிழக்கும் தெரியவில்லை, மேற்கும் தெரியவில்லை.

"நம்ம ஊருப் பக்கம்" என்றேன்.